பட்டை போட்ட ஸ்டார்ட்டர்

வெள்ளிக்கிழமை காலையில் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸின் பின்வரிசையில் ஒரு சத்தம் கேட்டது. தகரத்தைச் சிமெண்டுத் தரையில் போட்டு இழுத்த மாதிரி. கேட்டவர்களுக்குப் பல் கூசியது. தோசை ஊற்றிக்கொண்டிருந்தவர்கள் கரண்டியும் கையுமாக வாசலுக்கு வந்தார்கள்.

கடைசி வீட்டு வீரம்மா மட்டும் வரவேண்டியிருக்கவில்லை. அவள் ஏற்கெனவே விளக்குமாற்றோடு வெளியேதான் நின்றாள். பக்கத்து வீட்டுக் கன்னையா சீரங்கம் போனதிலிருந்து அவள் வாசல் படு சுத்தம். கூட்டின இடத்தையே கூட்டிக்கொண்டிருக்கிறாள்.

"என்னா தனம், உங்க காரா அழுவுது?"

"தம்பி வந்திருக்கான்க்கா. தூசு தட்டுறான். இன்னிக்கு அவரு வராருல்ல."

"தூசு தட்டுனதுக்கா இந்தக் கத்தல்?" என்று கேட்டுவிட்டு, வீரம்மா கார் நம்பரை ஒருமுறை நன்றாகப் பார்த்துக்கொண்டாள். அந்த வரிசையில் ஒரு கார் மக்கர் பண்ணினால் போதும், சாயந்திரத்துக்குள் நாலு பேர் அந்த நம்பரை லாட்டரியில் கட்டியிருப்பார்கள்.

போன வாரம் கல்யாணம், காதுகுத்து என்று அலைந்ததில் இந்தப் பக்கத்தைத் தவறவிட்டவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுவோம்.

கன்னையா ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஊரே புதுசாக வந்த புரோட்டோன் சாகா காருக்குப் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்க, அவர் மட்டும் தன் பழைய மோரிஸ் மைனரைக் கட்டி அழுகிறார். அழுகிறார் என்பது நம் சொல். அவரைக் கேட்டால் ஆராதிக்கிறேன் என்பார். ஆயுத பூஜைக்கு எல்லோரும் காருக்கு ஒரு பொட்டு வைத்தால், இவர் என்ஜின் மூடியைத் திறந்து உள்ளே இருக்கிற ஒவ்வொரு சாமானுக்கும் வெள்ளைப் பெயிண்ட், சிவப்புப் பெயிண்ட் கொண்டு நாமம் போடுவார். பேட்டரிப் பெட்டிக்கு நாமம். ரேடியேட்டருக்கு நாமம். என்ஜினைத் தட்டி எழுப்புகிற ஸ்டார்ட்டர் மோட்டாருக்கும் ஒரு குட்டி நாமம். மனைவி தனலெட்சுமிக்கு அந்தக் காரில் இருந்த உரிமை, ஒரு துடைக்கிற துணி அளவுதான்.

அவர் வைகுண்ட ஏகாதசிக்கென்று கப்பலேறாத குறையாக மூட்டை கட்டிக்கொண்டு ஒரு மாதம் போனார். அப்போதுதான் வெளியே வந்தது, தனலெட்சுமியிடம் லைசென்ஸ் இருக்கிற சங்கதி. காய்கறி வாங்கப் பாசாருக்குப் போகிறேன் என்று கூடையோடு போய்க் கற்றுக்கொண்ட லைசென்ஸ். கள்ளச்சாவி ஒன்றும் வைத்திருந்தாள். அவள் கார் எடுத்த இடம் எல்லாம் கிள்ளான். அங்கேதான் மகள் தங்கமணி இருக்கிறாள், அந்த வீட்டில் பெயரே சொல்லக்கூடாத மகள். நிறைமாதம். போன வருஷம் ஒன்று வயிற்றிலேயே தங்காமல் போனபோது பெற்றவள் பக்கத்தில் இல்லை. இந்தத் தடவை இருப்பேன் என்று தனலெட்சுமி மகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. போன செவ்வாய் கிள்ளான் பாசார் அருகில் கன்னையாவுக்குத் தெரிந்த கோவில் கமிட்டிக்காரர் ஒருவரைப் பார்த்த பதற்றத்தில், ஓடிக்கொண்டிருந்த என்ஜின்மேலேயே ஸ்டார்ட்டர் குமிழை இழுத்தாள். கடக் என்றது. ஸ்டார்ட்டரின் பல்லெல்லாம் மழுங்கிப் போயிற்று.

இன்று சாயந்திரம் கன்னையா சுபாங் விமான நிலையத்தில் வந்து இறங்குகிறார்.

தம்புசாமி மூடிக்குள்ளிருந்து தலையை எடுத்தான். தனலெட்சுமியின் தம்பி, லோரி ஓட்டுகிறவன். ஒரு மாதமாக ஜொகூர்ப் பக்கம் ஓடிவிட்டு முந்தாநாள்தான் வந்திருந்தான். அது கன்னையாவுக்கும் தெரியும் என்பதால் பழியைத் தூக்கி அவன் தலையில் போடவும் வழியில்லை.

"பல்லு ஒத்து வரலக்கா. இது பின்னால வந்த மாடலோடது. வெளிய பார்த்தா ரெட்டைப் புள்ள மாதிரி இருக்கு. உள்ள கடிக்குது."

"கார் வெட்டுற கடையில மோரிஸ்னு சொல்லித்தானே வாங்குன?"

"மோரிஸ்தான் லா. அவன் என்ன ஜாதகமா பார்த்துக் குடுப்பான்?"

அவன் இன்னொரு காரியமும் செய்திருந்தான். முன்யோசனையாக நேற்றே அந்த ஸ்டார்ட்டருக்கு அழகாக நாமம் போட்டுக் காய வைத்திருந்தான். நாமம் பொருந்தியது. ஸ்டார்ட்டர்தான் பொருந்தவில்லை.

தனலெட்சுமி ஓட்டுகிற இருக்கையில் ஒரு தலையணைமேல் உட்கார்ந்திருந்தாள். அது இல்லாமல் அவளுக்கு ரோடு தெரியாது. நீல உறை, அதில் இரண்டு கிளி. தங்கமணி பள்ளிக்கூடத்தில் தைத்தது. மகளின் சாமான் ஒன்றுகூட வீட்டில் இருக்கக்கூடாது என்று கன்னையா நின்ற அன்று, அரிசித் தொட்டிக்குப் பின்னால் ஒளித்துக் காப்பாற்றிய ஒரே பொருள் அதுதான்.

"வேற எங்கயும் கிடைக்காதாடா?"

தம்புசாமி கையைத் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

"கிடைக்கும். அதே வருஷம், அதே மாடல். எங்க இருக்குன்னு உனக்கே தெரியும்."

தெரியும். கிள்ளானில், மகளின் மாமியார் வீட்டுக் கொட்டகையில்.

அந்தக் கதை இந்த வரிசையில் பழையவர்களுக்கு நன்றாகத் தெரியும். சம்பந்தி வீரசிங்கம் யாழ்ப்பாணத்துக்காரர், ரயில்வே ஆபீசில் பெரிய கிளார்க்காக இருந்தவர். அவர் ஒரு மோரிஸ் மைனர் வாங்கினார். அதே வருஷம் கன்னையாவும் ஒன்று வாங்கினார். அந்த ஆயுத பூஜைக்கு ரயில்வே யார்டில் கார்களை வரிசை கட்டினபோது, எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி வீரசிங்கம் சொன்னார்: "கரி அள்ளினவனுக்கும் கார் வந்திட்டுது. கடைசியில விடச் சொல்லுங்கோ." கன்னையா காரைக் கடைசியில்தான் விட்டார். அதற்கப்புறம் அந்த மனிதரோடு பேசவில்லை. பேசாமலே இருந்திருக்கலாம், மகள் போய் அவர் மகன் சிவகுருநாதனைக் கட்டிக்கொள்ளாமல் இருந்திருந்தால். வீரசிங்கம் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷமாகிறது. கன்னையாவின் கோபம் மட்டும் இன்னும் திடகாத்திரமாக இருக்கிறது.

"போவோம்," என்றாள் தனலெட்சுமி.

அவள் இறங்கியதும் தம்புசாமி தலையணையைப் பின்சீட்டில் வீசிவிட்டு, பின்பெட்டியிலிருந்து சுற்றுக்கம்பியை எடுத்தான். பழைய கார்களுக்கு முன்னால் செருகிச் சுற்றுகிற கம்பி. கை தவறினால் எலும்பை முறிக்கும். நாலாவது சுற்றில் என்ஜின் இருமிக்கொண்டு எழுந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் விளக்குமாறு நின்றது.

"எங்க தனம், இப்பவே கிளம்பிட்ட? பிளேன் சாயந்திரம்தானே?"

"பெட்ரோல் போடணும்க்கா."

நல்ல தூரத்துப் பெட்ரோல் என்று வீரம்மா எங்களிடம் பிறகு சொன்னாள்.

*

கிள்ளான் வீட்டில் சம்பந்தியம்மா கனகேஸ்வரி வாசலிலேயே நின்றாள். வெள்ளைச் சேலை, நெற்றி நிறையத் திருநீறு, வாய் மட்டும் எப்போதும் போல் இறுக்கம்.

"வெள்ளிக்கிழமை வாசல்ல நிக்கப்படாது. உள்ளுக்கு வாங்கோ."

தனலெட்சுமி விஷயத்தைச் சொன்னாள். கனகேஸ்வரி முழுவதையும் கேட்டாள்.

"அவரிட காரில இருந்தோ?"

"ஆமாங்க."

"அவர் கண்ணை மூடினாப் பிறகு அந்தக் காரில ஒருத்தரும் கை வைக்கேல்ல. கோழிதான் முட்டை இடுது." கனகேஸ்வரி கொட்டகைப் பக்கம் பார்த்தாள். "உங்கட மனுசன் எங்கட வாசல்ல கால் வைக்க மாட்டாராம். எங்கட சாமான் மட்டும் அவரிட காருக்குள்ள போகலாமோ?"

கேள்வி நியாயமானதுதான்.

அந்த நேரம் பார்த்து உள்ளறையிலிருந்து தங்கமணி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"அம்மா, காலையில இருந்து இடுப்பு இழுக்குதும்மா."

தனலெட்சுமி மகளை உட்கார வைத்து முதுகைத் தடவினாள்.

"இப்படி வர்றதும் போறதுமாத்தான் இருக்கும்டி. பயப்படாத."

"ராத்திரி வலி வந்துட்டா? போன தடவை மாதிரி ஆயிட்டா?"

"நான் வந்துடுவேன்."

"அப்பா வந்துடுவாரேம்மா இன்னிக்கு."

"வந்துடுவேன்னு சொல்றேன்ல."

எப்படி வருவாள் என்று அவளுக்கே தெரியாது. கார் விஷயம் வெளிப்பட்டால் கள்ளச்சாவி போகும், லைசென்ஸ் போகும், பாசார் கூடையும் போகும். கன்னையா கையை ஓங்குகிற மனுஷன் இல்லை. கதவைப் பூட்டுகிற மனுஷன். பூட்டினால் திறக்கமாட்டார். அதற்கு இந்த மகளே சாட்சி.

கனகேஸ்வரி இதையெல்லாம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் சொன்னாள்:

"கழட்டிக்கொண்டு போங்கோ. ஒண்டு மட்டும் சொல்லுறன். அதில அவர் தன்ர கையால போட்ட குறி இருக்கு. அதை அழிக்கப்படாது. உங்கட மகளிட வயித்தில கை வைச்சுச் சொல்லுங்கோ."

தனலெட்சுமி கை வைத்தாள். உள்ளே என்னவோ உதைத்தது. "அழிக்க மாட்டேங்க," என்றாள்.

கொட்டகையில் தம்புசாமி கோழியை விரட்டிவிட்டு மூடியைத் திறந்தான். ஸ்டார்ட்டர் கழன்று வந்தது. பல் அத்தனையும் முழுசு, துருகூட இல்லை. அதைப் புரட்டினான். புரட்டினவன் அப்படியே நின்றுவிட்டான்.

மூன்று வெள்ளைக் கோடு. குறுக்கே, தடிமனாக, பெயிண்டால் போட்ட திருநீற்றுப் பட்டை. நடுக்கோட்டில் ஒரு சிவப்புப் புள்ளி. வீரசிங்கத்தின் நெற்றியைக் கழற்றிக் கையில் வைத்திருக்கிற மாதிரி இருந்தது.

"அக்கா, காரு முழுக்க நாமம். நடுவுல இது மட்டும் பட்டை. மாமா பார்த்தா..."

"அழிக்கக்கூடாதுடா. சத்தியம் பண்ணிட்டேன், புள்ளைமேல."

தம்புசாமி யோசித்தான். லோரிக்காரனுக்கு ஒரு வழி அடைபட்டால் இன்னொரு வழி தோன்றிவிடும்.

"அழிக்கக்கூடாதுன்னுதானே சொன்னாங்க. மூடக்கூடாதுன்னு சொல்லலையே."

டப்பாவிலிருந்து கறுப்புக் கிரீஸை ஒரு கை அள்ளி, கோடுகள்மேல் அப்பினான். கோடு மறைந்தது, புள்ளியும் மறைந்தது. "ரயிலு ஓட்டுனவரு. கிரீஸைப் பார்த்தா மனசு குளிரும்," என்றான்.

மோரிஸில் பூட்டி, அவன் குமிழை இழுத்தான். என்ஜின் ஒரே இழுப்பில் பிடித்தது, வெண்ணெய் மாதிரி. தனலெட்சுமி கண்ணை மூடி எந்தச் சாமிக்கென்று இல்லாமல் ஒரு கும்பிடு போட்டாள். கனகேஸ்வரி வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டாள். கேட்டு முடிந்ததும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

*

பெடரல் ஹைவேயில் அன்று சரியான வெயில். ஷா ஆலம் அருகில் வண்டிகள் நகராமல் நின்றன. பின்சீட்டில் தனலெட்சுமி கிளித் தலையணையில் சாய்ந்தபடி மகளின் முகத்தையே நினைத்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் நிமிர்ந்தாள்.

"என்னடா வாசனை?"

"ஒண்ணுமில்லக்கா. என்ஜின் சூடு."

"ஏதோ உருகுற மாதிரி இருக்கே."

"வெயில்ல நாமளே உருகுறோம்."

அவள் சமாதானமாகவில்லை. வண்டி நகர நகர வாசனை கூடியது. இறங்கிப் பார்க்கலாம் என்று தம்பியிடம் சொன்னாள். நேரமில்லை என்றான் தம்பி. உண்மைதான், அவர்கள் சுபாங்கில் வண்டியை நிறுத்தும்போது பிளேன் இறங்கிவிட்டிருந்தது.

யாத்திரைக் கூட்டம் தீர்த்தச் சொம்பும் துளசி மாலையுமாக வெளியே வந்தது. நடுவில் கன்னையா. மொட்டைத் தலை, நெற்றியில் புது நாமம், கையில் துணிப்பை. ஒரு மாதத்தில் இளைத்திருந்தார். மனைவியைப் பார்த்தார்.

"கார் எங்க?"

"அந்தா நிக்குதுங்க."

"வீட்டுல எல்லாம் சரியா?"

"சரிங்க."

கேள்வி வந்த வரிசையை நீங்களே கவனித்துக்கொள்ளுங்கள்.

தனலெட்சுமிக்கு ஒரே நம்பிக்கைதான் இருந்தது. பிரயாணக் களைப்பில் மனுஷன் நேரே ஏறி உட்கார்ந்துவிடுவார். தம்புசாமி கதவைத் திறந்து பிடித்துக்கொண்டான். "வாங்க மாமா, ஏறுங்க, ஜாம் ஆயிடும்."

கன்னையா ஏறவில்லை. காரை முன்பக்கமாகச் சுற்றி வந்தார். ரயில் ஓட்டின காலத்துப் பழக்கம் அது. என்ஜினைப் பார்க்காமல் வண்டியில் ஏறமாட்டார். மூடியைத் தூக்கினார்.

சூடு குப்பென்று வந்தது. அவர் பேட்டரிப் பெட்டியின் நாமத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ரேடியேட்டரைத் தொட்டார். கை அப்படியே பக்கவாட்டில் போயிற்று.

போன கை திரும்பி வரவில்லை.

தனலெட்சுமி ஒரு எட்டு முன்னால் வைத்து எட்டிப் பார்த்தாள். கிரீஸ் அத்தனையும் உருகிச் சொட்டிவிட்டிருந்தது. எண்ணெய் போட்டுத் தேய்த்த மாதிரி மூன்று கோடும் பளபளத்தன. சிவப்புப் புள்ளி, இப்போதுதான் வைத்தது போல் இருந்தது.

தம்புசாமி வாயைத் திறந்தான். "மாமா, அது வந்து..."

கன்னையா ஒரு விரலைத் தூக்கினார். தம்புசாமியின் வாய் மூடிக்கொண்டது.

அவர் அந்தப் பட்டையைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஆயுத பூஜை நடந்த யார்டைப் பார்த்தாரோ, வரிசையின் கடைசியில் நின்ற காரைப் பார்த்தாரோ, யார் கண்டது? முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அவர் கத்தினால்கூடத் தேவலை என்று தனலெட்சுமிக்குத் தோன்றியது.

கன்னையா மூடியை மெல்ல இறக்கினார். துணிப்பையை வைப்பதற்காகப் பின்கதவைத் திறந்தார்.

சீட்டின் நடுவில் கிளித் தலையணை கிடந்தது.

ஸ்டார்ட்டரையே நினைத்துப் பயந்துகொண்டிருந்த தனலெட்சுமிக்கு, அந்தத் தலையணையை ஒளிக்க வேண்டும் என்ற நினைப்பே வரவில்லை. கன்னையா அதைக் கையில் எடுத்தார். ஒரு கிளியின் கண்ணை விரலால் தடவினார். நடுவில் ஒரு ஆள் உட்கார்ந்து உட்கார்ந்து விழுந்திருந்த பள்ளத்தைப் பார்த்தார். அப்புறம் ஓட்டுகிற இருக்கையைப் பார்த்தார். அப்புறம் மனைவியை, தலையிலிருந்து கால்வரை, உயரம் அளக்கிற மாதிரி பார்த்தார்.

"தம்புசாமி."

"மாமா."

"மூட்டையை எடுத்துக்கிட்டு டெக்சியில வீட்டுக்குப் போ."

"நீங்க ரெண்டு பேரும்..."

"போன்னு சொன்னேன்."

தம்புசாமி அக்காவைப் பார்த்தான். அக்கா தலையை அசைத்தாள். அவன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனான், திரும்பித் திரும்பிப் பார்த்தபடி.

கன்னையா தலையணையை ஓட்டுகிற இருக்கையில் வைத்து, இரண்டு தட்டுத் தட்டிச் சரி பண்ணினார்.

"உட்காரு தனம்."

"என்னங்க, நான் எங்க..."

"கிள்ளானுக்கு வழி உனக்குத்தானே தெரியும்."

அவள் உட்கார்ந்தாள். கண்ணாடியில் தெரிந்தது: அவர் பின்பக்கம் போய்ப் பெட்டியைத் திறந்தார். இரும்பு உரசும் சத்தம் கேட்டது. வந்து பக்கத்து இருக்கையில் ஏறிக் கதவைச் சாத்தினார். மடியில் குறுக்கே சுற்றுக்கம்பி.

"அது எதுக்குங்க?"

அவர் கம்பியின் பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ரோட்டைப் பார்த்தார்.

"எடு வண்டிய."

கிள்ளானில் மகள் இந்நேரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அம்மா வருவாள் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அம்மாவோடு யார் வருகிறார், கையில் எதை வைத்துக்கொண்டு வருகிறார் என்பது அவளுக்குத் தெரியாது.

இந்த நாலு நாளாகத் தனலெட்சுமி வேண்டிக்கொண்டதெல்லாம் ஒன்றுதான், இந்த ஸ்டார்ட்டர் வேலை செய்யவேண்டும் என்று. இப்போது குமிழில் கையை வைத்து, இது மட்டும் பிடிக்கக்கூடாது என்று தெரிந்த தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டாள்.

இழுத்தாள். ஒரே இழுப்பில் பிடித்துக்கொண்டது.